உரசும் மட்கார்டுகள்

தோட்டத்துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன ரேஸ் சைக்கிளில்தான் நாலந்தா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வந்தேன். அதில் மட்கார்ட் இல்லை. மழை நாளில் முதுகெல்லாம் சேறு. துவைத்து அலுத்த மனைவி, "ஒரு மட்கார்டைப் போட்டுத் தொலைங்களேன்" என்றாள்.

டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல்கூட நுழையாது. அதனால் சைக்கிள் கடை நானா, கிளிப்பால் கவ்வும் சின்ன மட்கார்டுகளைப் பூட்டினார்.

"பள்ளத்துல பாத்துப் போங்க சேர், நழுவும்."

நழுவியது. பள்ளத்துக்குப் பள்ளம் டயரில் உரசியது. இறங்கி நிமிர்த்திவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும்.

ஒரு மழை மாலையில் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்தபடி வீடு வந்தேன். மனைவி என் முதுகைப் பார்த்தாள்.

"இனிமே சட்டைய நீங்களே தொவச்சுக்குங்க."

துவைத்தேன். கைதான் ஓய்ந்தது, கறை போகவில்லை. மறுநாள் காலை மட்கார்டுகளை மாட்டிக்கொண்டு உரசலோடு புறப்பட்டேன்.