கசக் கிருமி தைத்த கைப்பை

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடுகாட்டி, கழுவி, மேலே நீலம் ஊற்றி, நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். நீலத்துக்குள் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் காசநோய், ஊர்ப்பேச்சில் கசம். பொல்லாத நோய்தான், ஆனால் பார்வைக்கு அப்படியோர் அழகு. அழகான ஒன்றைக் கண்டால் சும்மா விட்டுவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. மருதமுனைத் தறியில் நெய்த நீலத் துணியில் ஒரு கைப்பை தைத்து, அந்தக் குச்சிகளைக் கண்டது கண்டபடி சிவப்பு நூலால் அதில் தைத்தேன். லேஞ்சி என்று நாங்கள் சொல்லும் கைக்குட்டைகளில் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக வேறு கிருமிகள். கூட வேலை செய்த பெண்கள் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றார்கள். பிறகு ஆளுக்கொரு லேஞ்சி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வருடம் எனக்கு ஒரு வாத்தியாரை மாப்பிள்ளை பேசினார்கள். இரண்டொரு தடவை பார்த்திருந்தேன், நன்றாகவே பிடித்திருந்தது. பேச்சு முடியும் கட்டத்தில், சீதனமாக எனக்கென்று கட்டிய வீட்டைப் பார்க்க அவருடைய உம்மா வந்தார். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. தொழப் போனவர், தொழுகையில் முன்னோக்கும் கிப்லாப் பக்கச் சுவரில் தொங்கிய என் கைப்பையைக் கண்டு தயங்கினார்.

"இதென்ன மகள், பூவா? பூவெண்டாக் காரியமில்ல, உயிருள்ளதுகள்ட உருவமெண்டா முன்னுக்கு வெச்சித் தொழேலாதே."

பூ என்று சொல்லும்படி என் உம்மா பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். தொழ நிற்பவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உயிருள்ளதுதான் மாமி. கசக் கிருமி," என்று சொல்லிப் பையைக் கழற்றினேன்.

மாமியின் முகம் வெளுத்துப்போனது. தொழுதுவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"பூவெண்டு செல்லியிருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சி போயிரும்? வந்த மாப்பிள்ளையும் போச்சி!" என்று உம்மா ஏசினார். எனக்கு அழுகை வந்தது. சொன்னதற்காக அல்ல, அந்த மனிதரை இழக்கப் போகிறேனே என்றுதான்.

அடுத்த நாள் மாமி தனியாக வந்தார். கைப்பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுவா புள்ள என்ட மகன்ட நெஞ்சுக்குள்ள இரிந்த? மருந்தெல்லாம் குடிச்சி முடிச்சிட்டான். சுகமெண்டு டொக்டரும் செல்லிட்டார். ஒங்களுக்கிட்ட நாங்க மறச்சிட்டம். நேத்து நீ ஒண்டையும் மறைக்கல்லியே."

எனக்குக் கோபம் வந்தது. இப்படியொன்றை மறைக்கலாமா என்று முகத்துக்கு நேரேயே கேட்டேன்.

"மகன்ட சளியக் கொண்டு வாங்க மாமி. நானே பாக்கன்," என்றேன்.

கொண்டு வந்தார். எத்தனையோ பேருடையதைச் சாதாரணமாகப் பார்த்த நான், அன்று சாயம் ஊறும் நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எண்ணினேன். கண்ணாடித் துண்டை இம்மி இம்மியாக நகர்த்தித் தேடினேன். நீலம். எங்கு பார்த்தாலும் நீலம் மட்டும்தான்.

வெளியே பலகை வாங்கில் உட்கார்ந்திருந்த மாமியிடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இரிந்திருந்தா என்ன செய்திருப்பாய் மகள்?"

"மருந்து குடிச்சி முடியுமட்டும் காத்திருந்திருப்பன் மாமி," என்றேன். "வேற மாப்பிள்ள பாக்க உட்டிருக்க மாட்டன்."