அய்யாவின் கண்ணைக் காத்த வசவு

பிள்ளையார்பட்டிப் பெருமானை நம்புகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். என் தகப்பனார் கண்ணுக்கு ஓர் ஆபத்து வந்தது. அதைக் கொண்டுவந்தவன் நான்தான். முதலில் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1968, மாசி மாதம். எங்களுக்குக் கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்போது பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்து இரண்டு வருடம். அம்மா இல்லை. அய்யா, அவருடைய அக்காளான என் அயித்தை, நான். இவ்வளவுதான் வீடு.

அய்யாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் நன்றாக முற்றிவிட்டது. வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் இரண்டு தடவை விழுந்தார். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். சண்டை போட்டுத்தான் அழைத்துப்போனேன். அங்கே போயும் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்துகொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வாசல் பக்கம் நடந்தார்.

"கண்ணைத் தோண்டிப் போட்டுருவானுக. எனக்கு வேணாம்டா."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடப் போகிறார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். "அய்யா, பார்வை வந்தா நீங்க பிள்ளையார்பட்டியில நூத்தெட்டுத் தோப்புக்கரணம் போடுறதா நேந்துக்கிட்டேன். போயிப் படுங்க."

அவர் நின்றார். "பிள்ளையாருக்கா நேந்த?" என்றார். பிறகு திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

வலது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து ஒரு வாரம் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அந்த ஒரு வாரமும் என்னைத் திட்டியே பொழுதைப் போக்கினார். வீட்டுக்கு அனுப்பும்போது கண்ணுக்குமேல் பச்சைத் துணியைக் கட்டிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: குனியக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி தருவோம், அதுவரை எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரியும். குனிந்தால் தையல் விட்டுப்போகும், கண் போய்விடும்.

குனியக்கூடாது என்றதும்தான் நான் நேர்ந்தது நினைவுக்கு வந்தது. தோப்புக்கரணம் என்றால் காதைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து எழுவதுதானே.

வீட்டுக்கு வந்த மறுநாளே பிடித்துக்கொண்டார்கள். "வெளிச்சம் தெரியுது. மூஞ்சி தெரியல. மசமசன்னு இருக்கு" என்றார் அய்யா. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அயித்தை விடவில்லை.

"கண்ணாடி என்னடா கண்ணாடி? பிள்ளையாரு பாதிப் பார்வைதான் குடுத்திருக்காரு. நேந்ததைச் செஞ்சாத்தான் மீதி."

"குனிஞ்சா கண்ணு போயிரும் அயித்தை. டாக்டர் சொல்லியிருக்காரு."

அய்யா கேட்டார்: "டாக்டரு பெருசா, பிள்ளையாரு பெருசாடா?"

எனக்கும் கோபம். "கண்ணுக்கு டாக்டர்தான் பெருசு" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு வீடு இரண்டாகிவிட்டது. நான் வைத்த சோற்றை அய்யா தொடவில்லை. "கறுப்புச் சட்டைக்காரப் பய வச்ச சோறு எனக்கு எதுக்கு" என்றார். "படிக்கப் போட்டம்ல, அதுக்கு வேணும்" என்றார் அயித்தை. நான் சாமி இல்லையென்று சொன்னதாக ஊர் முழுவதும் பேச்சு. தினமும் காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவன் நான். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து எங்கள் தெருவே சிரித்தது. எனக்கும் வெறுப்பு ஏறிக்கொண்டே போனது. அய்யாவின் வெளுத்த வேட்டியை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கோயிலுக்கு அழுக்கு வேட்டியோடு போகமாட்டார் என்று கணக்குப் போட்டேன்.

அழுக்கு வேட்டியோடேயே போய்விட்டார். ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள். நான் வகுப்பில் இருந்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சன்னல் வழியாகச் சொன்னார்: "வாத்தியாரே, ஒங்க அய்யாவும் அயித்தையும் பிள்ளையார்பட்டிக்குப் பஸ் ஏறிட்டாக."

தலைமையாசிரியரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு மிதித்தேன். வழியில் சங்கிலி கழன்றது. மாட்டிவிட்டு மறுபடி மிதித்தேன். கையெல்லாம் கரி, கண்ணெல்லாம் தண்ணீர். வாய்விட்டே பேசினேன். "அப்பனே, அவசரத்தில் அவர் உடம்பை எடுத்து உனக்கு நேர்ந்துவிட்டேன். தப்புத்தான். வேண்டுமானால் என் கண்ணை எடுத்துக்கொள்" என்றேன். அந்த நிலையிலும் பேரம்தான் பேசியிருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். "என் சொல்லுக்கு அவர் நிற்கமாட்டார். நீ நிறுத்து."

கோயிலை நெருங்கும்போதே ஒரு பெண்பிள்ளை கத்துவது கேட்டது. கூட்டம் கூடியிருந்தது. அய்யா விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். சைக்கிளைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தேன்.

அய்யா நின்றுகொண்டுதான் இருந்தார். அறுகம்புல் மாலை விற்கிற ஓர் அம்மாள் அவருடைய துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கு ஒரு கண்தான். இன்னொன்று வெள்ளையாக இருந்தது.

"பச்சைத் துணியக் கட்டிக்கிட்டுத் தோப்புக்கரணமாம்ல, தோப்புக்கரணம்! யோவ், இந்தக் கண்ணு எப்படிப் போச்சு தெரியுமாய்யா? ஆபரேசன் முடிஞ்சு இருபதாம் நாளு, ஆட்டுக்குட்டியத் தூக்கக் குனிஞ்சேன். பொசுக்குன்னுச்சு. அம்புட்டுத்தான். குனிஞ்சு பாருய்யா, நாளைக்கு எனக்கு எதிர்த்தாப்புல நீயும் ஒரு கடை போட்டு உக்காரலாம்!"

"நேந்தாச்சு தாயி" என்றார் அய்யா. அவ்வளவு தணிந்த குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

"எவன் நேந்தான்?"

நான் முன்னால் போனேன். "நான்தான்."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்டையில பேனாவெல்லாம் குத்தியிருக்க. அப்பன் முதுகை வளைச்சு நீ நேர்த்திக்கடன் கழிப்பியோ?"

அயித்தை குறுக்கே வந்தார். "எங்க தம்பி பேருல நேந்ததுல்ல?"

"பேரு உன் தம்பியுது. வாயி யாருது? சொன்ன வாயிக்காரன் போடட்டும். சாமிக்குக் கணக்குத் தெரியாதாக்கும். போங்கய்யா உள்ள, என் யாவாரத்தைக் கெடுக்காம."

கூட்டம் சிரித்தது. நான் அவமானத்தில் குறுகிப்போனேன். ஆனால் அய்யா நின்றுவிட்டார். டாக்டர் சொல்லியும் நான் கெஞ்சியும் நிற்காதவர், முன்பின் தெரியாத ஒருத்தி திட்டியதில் நின்றுவிட்டார். நான் கேட்டது அதுதான். கேட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சன்னதிக்கு எதிரே நான் காதைப் பிடித்தேன். அய்யா தூணில் சாய்ந்துகொண்டு எண்ணினார். அவருக்கு நான் நிழலாகத்தான் தெரிந்திருப்பேன். ஆனாலும் விடவில்லை.

"நல்லா உக்காருடா. எருமை தண்ணியில எறங்குற மாதிரி இருக்கு. இது சேராது. திரும்ப முப்பத்தொண்ணு."

எத்தனை முப்பத்தொன்று போட்டேனோ, எனக்குத் தெரியாது. முடிந்தபோது தொடை நடுங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "வலிக்குதா?" என்று கேட்டார் அயித்தை. "நல்லா வலிக்கட்டும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு, கண்ணாடி வரும்வரை அய்யா குனியவே இல்லை.

சித்திரை பிறந்ததும் கண்ணாடி வந்தது. சோடாப் புட்டிக் கண்ணாடி. வீட்டுக்குள் வைத்துத்தான் மாட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அயித்தையைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"விட்டத்துல எம்புட்டு ஒட்டடை! இந்த வீட்டுல மனுசங்கதான் இருந்தீங்களா, இல்ல வவ்வால் இருந்துச்சா?"

நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் அழுதேன்.

அடுத்த வருடம் இடது கண்ணுக்கும் வைத்தியம் செய்தோம். இந்தத் தடவை யாரும் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. போய்க் கும்பிட்டோம், பார்த்துக்கொள்ளப்பா என்றோம், அவ்வளவுதான். அய்யா இன்றைக்கும் என்னைக் கறுப்புச் சட்டை என்றுதான் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும். அடுத்தவர் உடம்பை வைத்துச் சாமியிடம் பேசுகிற பழக்கம் எனக்கு விட்டுப்போயிற்று. அந்த அம்மாளிடம் மாலை வாங்கப் போகும்போதெல்லாம் ஏதாவது ஏச்சு கிடைக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

என்னைப்போல் வார்த்தையை அவசரமாக விட்டுவிட்டுத் தவிக்கிறவர்கள் யாராவது இருப்பீர்கள். ஒளிய வேண்டாம். நேரே பிள்ளையாரிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டு கேளுங்கள். இனிக்க இனிக்கப் பேசுகிற ஆளைத்தான் அனுப்புவார் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். திட்டு விழும். கண் பிழைக்கும்.