கண்ணால் நின்ற கால்கள்

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் பாதத்தைப் பார்த்தேன். முன்பு பத்து அடி வைக்கும் நேரம் இப்போது ஓரடிக்கு ஆனது. சட்டைப் பையில் டாக்டரின் சீட்டு. நான் குடிகாரன் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

எனக்கு அறுபத்து மூன்று வயது. ஏழாவதோடு பள்ளியை விட்டு ஓடி, ஊர் ஊராக மூட்டை தூக்கி, கடைசியில் பாலக்கோடு தக்காளி மண்டிக்கு வந்தவன். சில மாதங்களாகக் கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு சாய்ந்தது. பித்தம் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கும் அப்படி இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

போன வாரம் தலையில் தக்காளி நிறைந்த பிளாஸ்டிக் கிரேடோடு சாய்ந்தேன். அது எதிரே வந்த, என்னோடு பாரம் தூக்கும் பாஷாவின் மேல் விழுந்து, அவன் காறை எலும்பு முறிந்தது. காலையிலேயே குடித்துவிட்டு வந்தேன் என்று மேஸ்திரி என்னை விரட்டினார்.

வயதானவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. அன்று காலை அவர்களிடம் போனேன். நாற்காலியிலிருந்து எழுந்தேன், நடந்தேன், திரும்பினேன். பிறகு கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார் டாக்டரம்மா. அவர் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன்.

"பாதத்துல உணர்ச்சியே இல்லீங்க ஐயா. இத்தனை நாளும் கண்ணாலதான் நின்னிருக்கீங்க."

நரம்புச் சிதைவு (சர்க்கரை நோய் முற்றி, பாதத்தின் உணர்வு சாவது). தலையில் கிரேடு இருந்தால் குனிந்து காலைப் பார்க்க முடியாது.

"சரியாகுங்களா?"

"இதுக்கு மேல கெடாம பாத்துக்கலாங்க."

விழுந்த காரணத்தை எழுதித் தரும்படி கேட்டேன். எழுதினார். கீழே இன்னொரு வரி: பாரம் தூக்கக் கூடாது.

பஸ்ஸில் அந்த வரியை மட்டும் கிழிக்கப் பார்த்தேன். அதற்குக் கீழேதான் கையெழுத்து இருந்தது.

மண்டியில் மேஸ்திரி சீட்டைப் படித்தார். "குடிக்கல, ஒத்துக்கறேன். குடிச்சவனுக்குப் பொழுது சாஞ்சா தெளியும். உனக்கு எப்பய்யா தெளியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பாஷா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கையைத் துணியில் தொங்கவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுகல் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தான். சீட்டை அவனிடம் நீட்டினேன்.

"குடிச்சிருந்தீங்கன்னா திட்டியாவது தீத்திருப்பேண்ணா. இப்ப யாரத் திட்டறது?"

மறுநாள் காலை நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுகல் பொறுக்கினேன். அந்த வேலையைத்தான் கொடுத்தார்கள். ஒரு பழம் வெடித்து முகத்தில் தெறித்தது. பாஷா நல்ல கையால் தண்ணீர் ஊற்றினான். தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் கண்ணை மூடாமலே கழுவினேன்.