ரம்பம் தின்னாத பலகை

இது நடந்தது. என் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வேன். ஆனால் இந்தப் பேச்சில் அவள் தலையை இழுக்க எனக்குப் பயம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் ஃபைசுல்லோ. ஸரஃப்ஷான் ஆற்றங்கரையில் தச்சுப் பட்டறை. அன்று காலை என் மனைவி மோஹிரோவைத் தலைப்பிரசவத்துக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வண்டி போன கொஞ்ச நேரத்தில் கணவாய் பனியில் மூடிக்கொண்டது. பின்னாலேயே போக வழியில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தொட்டிலுக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்தேன்.

"பெத்துக்கறது அண்ணி. முக்கறது நீங்களா, உஸ்தா?" என்றான் என்னோடு வேலை பார்க்கும் சாமத். தச்சு ஆசானை எங்கள் பக்கம் உஸ்தா என்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பகல் மூன்று மணிக்கு ஒருவர் வந்தார். எங்கள் ஊர் ஆள் இல்லை. கையில் ஒரு நாணல். பார்த்ததும் புரிந்துவிட்டது. இறந்தவரைக் குழியில் பக்கவாட்டு அறைக்குள் கிடத்தி, பலகை சாத்தி மூடுவது எங்கள் வழக்கம். அந்தப் பலகைக்கு டேப் பிடிக்க மாட்டோம். நாணலில் ஒடித்த அளவுதான்.

"பொம்பளைக்கு. அஞ்சு பலகை" என்றார்.

"குழிக்காரர்கிட்ட கேட்டீங்களா? மீந்துடக் கூடாது."

குழிக்கு அறுத்த பலகை ஒன்று மீந்தாலும், அது அடுத்த ஆளைக் கேட்கும் என்பார்கள்.

"அஞ்சு" என்றார் மறுபடி.

பட்டறையில் ஒரே ஒரு பாப்ளர் பலகைதான் இருந்தது. நாணலை வைத்து அளந்தேன். சரியாக ஐந்து தடவை. அதுதான் சிக்கல். ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் தன் பங்கைத் தின்னும். நாலு அறுப்பு. நாலுக்கும் சேர்த்து ஒரு விரல் அகலம் தூளாகப் போய்விடும்.

"கடைசிப் பலகை ஒரு விரல் குறையுங்க."

"குறையாது. அறு."

அப்போதுதான் கவனித்தேன். வெளியே பனி கொட்டுகிறது. அவர் தொப்பியில் ஒரு பொட்டுகூட இல்லை...

சாமத் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். அறுத்தேன். க்ரர்ர்... க்ரர்ர்... ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

சாமத் குனிந்து தரையைப் பார்த்தான்.

"உஸ்தா... தூள் எங்க?"

தரை சுத்தமாக இருந்தது.

ஐந்தாவது பலகையில் நாணலை வைத்தேன்.

சரியாக இருந்தது.

நிமிர்ந்தேன். அவர் இல்லை. பலகைகளையும் எடுத்துப் போகவில்லை.

இருட்டும் நேரத்தில் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"பொண் குழந்தை பொறந்திருக்கு. நல்லாருக்கு."

"மோஹிரோ?"

நர்ஸ் விசும்ப ஆரம்பித்தாள்...

எனக்கு அழுகை வரவில்லை. துடைப்பத்தை எடுத்துப் பட்டறையைப் பெருக்கினேன். பெருக்க அங்கே ஒன்றும் இல்லை. சாமத் வந்து துடைப்பத்தைப் பிடுங்கும்வரை பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் வழி திறந்தது. மோஹிரோ வந்து சேர்ந்தாள். சுவரில் சாய்ந்திருந்த பலகைகளைச் சாமத் என்னைக் கேட்காமலே தூக்கிப் போனான். நான் தடுக்கவில்லை. எனக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது.

மண் உறைந்து கிடந்ததால் குழியைச் சின்னதாகத்தான் வெட்ட முடிந்தது. நாலு பலகையிலேயே மூடிவிட்டது.

ஐந்தாவது மீந்தது.

அதன்மேல் ரம்பத்தை வைத்தேன். பல் இறங்கவில்லை. அடுப்பில் செருகினேன். விடியும்வரை கருகவில்லை. மறுபடி சுவரிலேயே சாய்த்தேன்.

மோஹிரோவின் நாற்பதாம் நாள் விருந்துக்கு அந்த நர்ஸும் வந்திருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சுவாக்கில் சொன்னாள்.

"இவ பொறக்கும்போதே கையை இறுக்கி மூடியிருந்தா, அண்ணே. விரலைப் பிரிச்சுப் பாத்தா... உள்ள மரத்தூள்."

என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. அவளை யாரும் அளக்க விடமாட்டேன். உடுப்புக்குக்கூட உத்தேசமாகத்தான் துணி வெட்டச் சொல்வேன்.

நேற்று பட்டறைக்குள் ஓடி வந்தாள். நான் பிடிப்பதற்குள் அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்து நின்று சிரித்தாள்.

நான் அளக்கவில்லை. தச்சன் கண். அதுவாக அளந்துவிட்டது.

பலகையைவிட அவள் ஒரு விரல் அகலம்தான் குறைவு...