இது பாவு இல்லப்பா

படிப்பையும் தறியையும் விட்டுவிட்டு நான் வாங்கிய கல்யாண ஊர்வலக் குதிரை, மேளம் கேட்டாலே மிரண்டது. விற்க வேண்டிவருமோ என்று பயந்து, பிரெஞ்சு முறைப் பயிற்சி தெரிந்த ஒருவரைப் புதுச்சேரியிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வரவழைத்தேன்.

அந்த நெட்டை மனிதர் குதிரைக்கு முதுகு காட்டி நின்றார். அது தானாக வந்து தோளை முகர்ந்த பிறகே கடிவாளம் மாட்டினார். லகானை லேசாகப் பிடித்து, குதிரை கடிவாளத்தை மென்றதுமே விரல்களைத் தளர்த்தினார்.

"முதுகு குதிரை பாஷை, விரல் பிரெஞ்சு பாஷை. ரெண்டும் வேணும்பா."

லகானை என்னிடம் கொடுத்தார். தெருவில் மேளம் கேட்டது. இறுக்கிப் பிடித்தேன்.

"ஏம்பா இழுத்துக்கினு இருக்கே?"

"பாவு நூல் தளர்ந்தா தறி ஓடுமா சார்?"

"இது பாவு இல்லப்பா, வாய்."

அதன் உதட்டோரத்துப் புண்ணை அப்போதுதான் பார்த்தேன். அவர் திட்டவில்லை. என்னையும் முதுகு காட்டி நிற்கச் சொன்னார். நின்றேன். குதிரை அவரிடமே போயிற்று.