கிள்ளானில் மூன்று சீனச் சகோதரிகளும் நாங்கள் மூவரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் படம் பார்க்கப் போனோம். அங்கே ஒரு சீனச் சங்க மண்டபத்தில் பழைய படம் ஒன்றை இலவசமாகத் திரையிட்டார்கள். சீன அரசியலையே ஆட்டிவைத்த குடும்பத்தின் மூன்று சகோதரிகளின் கதை. நாங்களும் மூன்று பேர்தான். பெரியக்காவும் தங்கை மாலாவும் போன தேர்தலில் ஆளுக்கொரு கட்சியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவர்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை, தீபாவளிகூடத் தனித்தனி. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் நான். இவர்களை எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் பயணத் திட்டமே.

பெரியக்கா ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்தார். நானும், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மாலாவும் கே.எல். சென்ட்ரலில் அதே ரயிலில் ஏறினோம். அங்கிருந்து கிள்ளானுக்கு ஒரு மணி நேரம், கட்டணம் ஐந்து ரிங்கிட்டை ஒட்டி. அக்கா வலப்பக்க ஜன்னலைப் பார்த்தார், மாலா இடப்பக்க ஜன்னலை. ஷா ஆலம் வருவதற்குள் எனக்குக் கழுத்து வலித்துவிட்டது.

நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு வாடகைக் கார், எட்டு ரிங்கிட். "மூணு பேரும் சிஸ்டர்ஸா அக்கா? இவ்ளோ அமைதியா வரீங்களே லா," என்றார் ஓட்டுநர். சிரித்து மழுப்பினேன்.

படம் மாண்டரினில். ஆங்கில வசன வரிகள் வெள்ளை எழுத்தில். திரையிலோ ஒரே பனி. அக்கா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துத் தவித்தார். எங்கள் வீட்டில் கடைக்குட்டியை மட்டும் அப்பா சீனப் பள்ளியில் போட்டிருந்தார். அதனால் மாலாவுக்கு எழுத்தே தேவைப்படவில்லை, ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாதிப் படத்தில் அக்காவால் தாங்க முடியவில்லை. என்னைத் தாண்டிக் குனிந்தார்.

"ஏய் மாலா, அவ என்னாதாண்டி சொல்றா?"

"தங்கச்சி ஒரு கட்சி, அக்கா ஒரு கட்சிக்கா. அதான் சண்டை."

அதற்குப் பிறகு மாலாவின் மொழிபெயர்ப்பு நிற்கவே இல்லை. "நீ எந்திரி, நடுவுல மறைக்கிற," என்று என்னை ஓர இருக்கைக்குத் தள்ளிவிட்டார்கள். யார் விரட்டியும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முடிவில் அக்கா கேட்டார். "அப்புறம் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டாங்களா?"

"இல்லக்கா. சாகுற வரைக்கும் பார்க்கல."

அக்கா மாலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்படிப் படம் பார்க்கப் போகிறவர்கள் சால்வை எடுத்துப் போங்கள், மண்டபத்தில் ஏர்கோன் குளிர் நடுக்கிவிடும். படம் முடிந்ததும் தெங்கு கிளானா சாலையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடாமல் திரும்பாதீர்கள். மாலை ரயிலில் கூட்டம் அதிகம், சீக்கிரம் கிளம்புவது நல்லது.

நாங்கள் திரும்பும்போது சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் தேர்தல் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. "உங்க ஆளு ஜெயிச்சு என்னாத்தக் கிழிச்சாரு?" என்றாள் மாலா. "சும்மா இரு லா, உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் அக்கா, முறுக்குப் பொட்டலத்தை அவளிடம் நீட்டியபடியே.

சென்ட்ரல் வந்தது. நான் இறங்கினேன், மாலா இறங்கவில்லை.

"நீ போ. ரவாங் வரைக்கும் போயி இவங்கள ஒரு வழி பண்ணிட்டுதான் வருவேன்."

கதவு மூடியது.