இரண்டு இலக்கம் போதும்

இப்போது எந்தச் செயலியைத் திறந்தாலும் வரைபடத்தில் நம் சமையலறை வரை வந்து புள்ளி வைக்கிறது. எனக்கோ எங்கள் பழைய கணக்கு அதிகாரியின் மந்தைவெளி வீட்டு கேட்டும், அதன் முன்னால் கார்த்திகை மழையில் வரிசையாக நின்ற மூன்று கழிவுநீர் லாரிகளும் நினைவுக்கு வருகின்றன.

சாக்கடை அடைப்புக்கு மக்கள் செல்பேசியிலேயே புகார் கொடுக்க எங்கள் கழிவுநீர் அலுவலகம் ஓர் இணையச் செயலி செய்தது. புகார் கொடுப்பவர் நிற்கும் இடம் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களாகத் தரவுத்தளத்தில் பதிவாகும். லாரி ஓட்டுநர் அந்தப் புள்ளியைப் பார்த்துப் போவார். மென்பொருள் நிறுவனத்துப் பெண், தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வேண்டும் என்றாள். இந்த அலுவலகத்தில் எந்த எண்ணுக்கும் இரண்டுக்கு மேல் கொடுத்த முன்னுதாரணம் இல்லை என்று கணக்கு அதிகாரி ஆட்சேபம் எழுதினார். ரூபாய்க்கே இரண்டு இலக்கம்தான், சாக்கடைக்கு ஆறா என்று அவளையே கேட்டார். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தெருக்கள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து விழும் என்று அவள் எழுதியே கொடுத்தாள். கோப்பில் சேர்த்தோம். சேர்த்த காகிதத்தை யாரும் படிப்பது எங்கள் வழக்கமல்ல.

செயலி இரண்டு இலக்கத்தோடே ஓடத் தொடங்கியது. மழை வந்தது. மந்தைவெளிப் பக்கத்துக் குளத்தைச் சுற்றி அடைத்துக்கொண்ட சாக்கடை அத்தனையும் வரைபடத்தில் ஒரே இடத்தில் குவிந்தன. ஊரில் எத்தனையோ வாசல் இருக்க, அந்த இடம் கணக்கு அதிகாரியின் வாசலாக அமைந்தது. லாரிகள் அங்கே வந்து நின்று, புகார்தாரருக்குப் போன் போட்டு வழி கேட்டுக்கொண்டு கிளம்பும். ஒன்று போனால் அடுத்தது.

அவர் மகளைப் பார்க்க அடையாறிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த அன்று, காலையிலேயே என் மேஜைக்கு வந்துவிட்டார். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பாதான் எதிலும் குறை காண்பவராம்.

"வாசல்ல சாக்கடை லாரி நின்னுண்டிருந்தா, மனுஷன் கார்லேர்ந்து இறங்காமலே திரும்பிடுவார் ஓய்."

ஆறு இலக்கமாக மாற்றுவதற்கான நடைமுறையைச் சொன்னேன். அவருடைய ஆட்சேபத்துக்கு அவரே பதில் எழுதி, அதை அவரே ஏற்க வேண்டும். வரைவு தயாராக மறுநாள் ஆகும். மாலையில் துணைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

கேட்டை மறித்து மூன்று லாரிகள். ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, "இன்னா சார், எந்தப் புகாரைத் தொட்டாலும் உங்க வூட்டாண்டதான் கீதுன்னு காட்டுது" என்றார். இவர் கையை மட்டும் அசைத்தார். மூன்று லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி வழிவிட்டன. அந்த வழியில்தான் சம்பந்தியின் கார் நுழைந்தது.

பையனின் அப்பா உள்ளே வந்து காபியைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, "எங்க தெருவுக்கு ஒரு லாரி வரவழைக்க நான் நாய் மாதிரி அலையறேன். நீங்க கை அசைச்சா மூணு நகர்றது" என்றார். அதோடு நிச்சயமாயிற்று.

மறுநாள் வரைவை வைத்தேன். 'பேசுக' என்று எழுதி என்னிடமே திருப்பினார். நேரில் போய்ப் பேசினேன்.

"முகூர்த்தம் தையில ஓய்," என்றார். "அதுவரைக்கும் ரெண்டே இருந்துட்டுப் போகட்டும்."